டி.சி. போட்டது யார்?

சீவிய பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே போனில் எண்ணை அழுத்துகிறார் அக்கா. "டாக்டர், பதினாலாம் படுக்கை ஃபைல்ல டி.சி.ன்னு போட்டிருக்கீங்களே, அத முழுசாச் சொல்லுங்க." எதிர்முனை சலித்துக்கொள்கிறது. இவர் அசைவதில்லை. "எழுதினவங்கதான் சொல்லணும். நானா ஒண்ண நெனச்சுக்க முடியாது."

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கோப்புகளை அடுக்கும் ஜன்னலில்லாத அறை இவருடைய ராஜ்யம். நோயாளி வீட்டுக்குப் போனாலும் சரி, ஒரேயடியாகப் போனாலும் சரி, அதன் பிறகுதான் கோப்பு இங்கே இறங்கும். 'விளக்கம் அக்கா' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அந்த இரண்டெழுத்தோடு அவருக்குத் தீராத வழக்கு. வார்டில் எழுதினால் டிஸ்சார்ஜ், மருந்துச் சீட்டில் மருந்தை நிறுத்து என்று அர்த்தம். ரத்தச் சோதனைக்காரர்களுக்கோ வெள்ளணுக் கணக்கு. முன்வாசல் ஆபீசில் அதுவே டெத் சர்டிஃபிகேட். ஒருமுறை, நடந்தே வீடு போன பெரியவரின் கோப்பை இறந்தவர்கள் அலமாரியில் வைத்துவிட்டார். "மறுமாசம் அவரே வந்து, 'என் ஃபைல் எங்கம்மா'ன்னு நிக்கிறாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." கேட்ட விளக்கத்தை அட்டையில் எழுதிவைக்க அன்றைக்குப் பிடித்த பென்சில் இது. அதைக்கொண்டு புள்ளி வைத்தால் தாள் பொத்துப்போகும், அவ்வளவு அழுத்தம்.

இன்று மத்தியானம் வந்த கோப்புக் கட்டுக்குள் அவருடைய கணவரின் கோப்பு இருந்தது. மூன்று நாளாக நான்காம் மாடியில் மூச்சுத் திணறலோடு படுத்திருப்பவர். காலையில்கூட, "சாயங்காலம் ரேடியோவ எடுத்துட்டு வா" என்றவர். அட்டையில் டி.சி. என்பதைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு புள்ளிகளும் அட்டையைத் துளைத்திருந்தன.

அக்கா அட்டையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அது அக்காவின் கையெழுத்தேதான்.

"இத யாரு எழுதினது?"

கட்டைக் கொண்டுவந்த வார்டு ஆயா விழித்தாள். "நீங்கதானக்கா இப்ப மேல வந்து எழுதிட்டுப் போனீங்க? கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

காலையில் உட்கார்ந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை.

நான்காம் மாடிக்குப் போன் போட்டால் இது எந்த டி.சி. என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். ரிசீவரை எடுத்தார். விரல் நான்கின் மேல் போய் நின்றது. அழுத்தாமல் விரலை எடுத்தார். பிறகு, எழுதியவரையே கேட்கும் வழக்கப்படி, தன் மேசையின் எண்ணையே அழுத்தினார்.

லைன் பிசி என்று ஒலித்தது. அது ஒலிக்கும்வரை மேலிருந்து யாரும் அவரைக் கூப்பிட முடியாது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஏற்கெனவே சீவிய பென்சிலை மறுபடி சீவத் தொடங்கினார்.