முகம் தேய்ந்த மாரியம்மன்

சேலத்தில் இருக்கும் என் வெள்ளிப் பட்டறைக்கு மொரீஷியஸிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன அவருடைய முன்னோர் அங்கே கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு, அம்மன் முகத்தில் பொருத்தும் வெள்ளிக் கண்மலர் வேண்டும் என்றார். அளவுக்காகச் சிலையின் முகத்தை அப்படியே மெழுகில் வார்த்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

பிரித்துப் பார்த்தேன். மூக்கு லேசான மேடாக இருந்தது. கண்ணும் வாயும் தெரியவே இல்லை.

முப்பது வருடமாகச் சாமி நகை செய்பவன் என்ற மிதப்பு எனக்கு. "ஏனுங்க, முகமே இல்லீங்களே. புதுச் சிலை வெச்சுருங்க. நல்ல ஸ்தபதியா நானே சொல்றனுங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "ஊர் திரும்ப முடியாதவங்க, தினமும் மஞ்சள் பூசி, தொட்டுத் தொட்டுக் கும்பிட்டாங்க. அதில்தான் தேஞ்சுது. அவங்களுக்கு அம்மா முகம் இதுதான். உங்க அம்மா முகம் மாறினா, வேற அம்மா தேடுவீங்களா?"

அந்த மெழுகு முகத்தை விரலால் தடவினேன். அவ்வளவு வழவழப்பு. எத்தனை பேருடைய கைகளோ.

"தப்பாச் சொல்லிட்டனுங்க. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

கண்மலர்களை ஆட்களிடம் கொடுக்காமல் நானே மூன்று நாள் தட்டினேன். முடித்து மெழுகின்மேல் வைத்தபோது, அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாக்கிறா" என்று மட்டும் சொன்னார்.

அதுவரை சாமி முகங்களில் அழகைத்தான் பார்த்திருந்தேன். அவற்றைப் பார்த்து அழுதவர்களை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.