டம்ளர் வரைக்கும் ஒரு கோடு

கை அசையும் வழியைக் கோடாக வரைந்து, அதை மூளை எப்படித் திட்டமிடுகிறது என்று பார்ப்பது என் வேலை. சென்னையில் ஆய்வகத்தில் இருந்தபோதுதான் கூடலூரிலிருந்து அக்கா வீட்டு மச்சான் போன் செய்தார். அக்காவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

கால் சீக்கிரமே தேறியது. கை மட்டும் மடியிலேயே கிடந்தது. திராட்சைப் பந்தலுக்கடியில் நாளெல்லாம் கையை உயர்த்தி, குலையில் நெருக்கமாக இருக்கும் பிஞ்சுகளைக் கத்தரியால் கழித்துவிட்டவள் அவள். நான் விடுப்பில் போனபோது ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியையே நிறுத்தியிருந்தாள். மச்சான்தான் சோறு ஊட்டினார்.

"கை செத்துப்போச்சுடி. அதப் போட்டு ஆட்டிக்கிட்டே இருக்கச் சொல்றாக," என்றாள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. தெரிந்ததைச் செய்தேன். அவளுடைய ஸ்டிக்கர் பொட்டுகளை என் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் அடையாளத்துக்கு ஒட்டிக்கொண்டு, மேசைமேல் இருந்த டம்ளரை எடுத்தேன். மச்சான் போனில் படம்பிடித்தார். அடுத்து அக்காவுக்கு ஒட்டினேன். முனகிக்கொண்டே கையை நீட்டினாள். டம்ளரைத் தொடுவதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

இரண்டு கையும் போன வழியை லேப்டாப்பில் கோடாக வரைந்து காட்டினேன். தோளும் முழங்கையும் எப்படியெல்லாமோ மடங்கியும் என் மணிக்கட்டு ஏறக்குறைய நேர்கோட்டில் போயிருந்தது. மூட்டுகளைவிட, கை போகவேண்டிய வழியைத்தான் மூளை முதலில் யோசிக்கிறது என்று நாங்கள் நினைப்பது இதனால்தான். அக்காவுடையதோ சின்னச் சின்ன வளைவுகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தயக்கம்.

அவள் திரைப் பக்கம் குனிந்தாள். காட்டியிருக்க வேண்டாமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"இங்கன என்னா ஆச்சு?" ஒரு திருப்பத்தில் இடது விரலை வைத்துக் கேட்டாள்.

"கை கீழ எறங்கிருச்சுக்கா. மூளை அதப் பாத்துட்டுத் திருப்பியிருக்கு."

"அங்கன?"

"அதுவும் அப்படித்தான். வழி தப்புறப்பல்லாம் டம்ளர் பக்கமாத் திருப்பி விட்டுருக்கு."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கெடந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன். அது விடலையா?" என்று கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. மச்சான் தன் தோள் துண்டால் அவள் கண்ணைத் துடைத்தார். பிறகு தன் கண்ணையும்.

மறுநாள் காலை அவளே டம்ளரை எடுத்துவரச் சொன்னாள். வாராவாரம் படம்பிடித்து மச்சான் எனக்கு அனுப்புவார். வரைந்து பார்த்தால் பக்கத்துப் பக்கத்து வளைவுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருந்தன. சில வாரம் ஒன்றும் மாறாது. "இன்னைக்கு அதுக்கும் சலிப்பு," என்பாள்.

அடுத்த விடுப்பில் நான் போயிருந்தபோது, மச்சான் பழக்கத்தில் சோற்றை உருண்டை பிடித்து நீட்டினார். "நீங்க சாப்புடுங்க. நான் திங்கிறேன்," என்று அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வலது கையால் அள்ளியதில் பாதிச் சோறு சேலையில் சிந்தியது. மச்சான் அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டு வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

தோளுக்கு மேலே அந்தக் கை இன்றுவரை ஏறவில்லை. குலை கழிக்க ஆள் வருகிறது. அக்கா தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை சொல்கிறாள். போன வாரம் பேசியபோது, இடது கையில் கத்தரி பிடிக்கப் பழகுவதாகச் சொன்னாள்.

"அது வெட்டுற லட்சணத்தையும் வந்து வரஞ்சு காட்டு," என்று சிரித்தாள்.