பின்னால் போகாத பியட்

ஹென்றியின் பழைய பியட்டுக்கு ரிவர்ஸ் கியரே கிடையாது என்றொரு பேச்சு ராயபுரத்தில் ரொம்ப நாளாக உலவுகிறது. டீக்கடையில் விசாரித்தால், "கியர் கீது, போட மாட்டாரு. மாதாவுக்கு வேண்டிக்கினாரு" என்கிறார்கள். பஞ்சர் கடையில், "கியரு நல்லாத்தான் கீது. அவரு கழுத்துதான் திரும்பாது" என்கிறார்கள். ஹென்றியிடமே கேட்டால் பதில் இன்னும் சுருக்கம்: "இன்னாத்துக்கு பின்னால போவணும்? அங்கேந்துதான வந்தோம்?"

சந்தேகம் உள்ளவர்கள் அவர் வண்டி நிறுத்தும் அழகைப் பார்த்தால் போதும். முன்னால் வெளியேற வழி இல்லாத இடத்தில் அவர் நிறுத்தியதே இல்லை. இரண்டு வாசல் உள்ள பங்க்கில்தான் பெட்ரோல். மருந்துக்கடையைத் தாண்டிப் போய்விட்டால் ஊரைச் சுற்றி வருவார், இல்லையென்றால் அடுத்த மருந்துக்கடை வரும்வரை தலைவலியைப் பொறுத்துக்கொள்வார். கல்யாண மண்டபத்தின் கோடியில் சுவர் தெரிந்தால் வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். "நடந்தா சுகர் கொறையும்" என்று பட்டு வேட்டியோடு நடப்பார். இத்தனைக்கும் துறைமுகத்தில் அவருக்குக் கிரேன் ஓட்டும் வேலை. கண்டெய்னர்களை முன்னே, பின்னே, மேலே, கீழே என்று நாள் முழுக்க நகர்த்துகிறவர்.

பேச்சு உண்மைதான். ஒருநாள் கோபத்தில் ஹென்றி கியரை இழுத்த இழுப்பில் உள்ளே ஏதோ உடைந்தது. வண்டியின் மேல் தப்பில்லை. மெக்கானிக் ஒவைஸ், "கியர் பொட்டிய தொறந்தா சரி பண்ணிடலாம் நைனா" என்றான். "தொறந்துட்டு மூடறதுக்கு கியாரண்டி குடுப்பியா?" என்றார் ஹென்றி. ஒவைஸ் கூரையைப் பார்த்தான். பெட்டி திறக்கப்படவில்லை.

இதை மறைக்கக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. வாராவாரம் விடியற்காலையில் பியட்டில் மூன்று பேர் படம் பிடிக்கக் கிளம்புவார்கள். வண்ணாரப்பேட்டையில் பாத்திர மொத்த வியாபாரம் செய்யும் சாலமோனிடம் குழந்தையைப் போலத் தூக்கிச் சுமக்க வேண்டிய லென்ஸ் இருக்கிறது. திருவொற்றியூரில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் மகிமாவிடம் பொறுமை இருக்கிறது. ஹென்றியிடம் கேமராவே இல்லை. அந்தக் கூட்டத்தில் அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்திருப்பது பியட்தான். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சாலமோன் புதுக் கார் வாங்கிய நாளிலிருந்து பியட்டைச் சனிக்கிழமையே கழுவித் துடைத்து வைக்கிறார்.

"ஏசி இருக்குவே. பின்னால பாக்குறதுக்குக் கேமராகூட இருக்கு" என்று சாலமோன் ஜாடையாகச் சொல்வார்.

"போட்டோ புடிக்கிறவனுக்கு முதுவுலயும் கேமரா வோணுமா மாமு?" என்று ஹென்றி சிரிப்பார். சிரிப்பு ஸ்டியரிங்கைத் தாண்டாது.

போன மாதம் எண்ணூர் கழிமுகத்தில் பூநாரைகள் இறங்கியிருந்தன. ஒரு பக்கம் கழிமுகம், மறுபக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர், நடுவே ஒற்றை வண்டி போகிற அளவுக்கு ஒரு கரை. "உள்ள போங்கண்ணே, வெளிச்சம் மாறிடும்" என்றாள் மகிமா.

"அந்தாண்ட வெளிய போறதுக்கு வழி கீதா?"

"இருக்கும்ணே."

'இருக்கும்' என்ற சொல்லை நம்பி ஹென்றி கரையில் ஏறினார். பாதிக் கரையில் எதிரே டேங்கர் லாரி வந்து நின்றது. முழு லோடு. லோடு வண்டி வந்தால் காலி வண்டிதான் பின்வாங்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம் அது. லாரி ஹாரன் அடித்தது. ஹென்றி எஞ்சினை அணைத்தார்.

"எதுக்குவே நிக்கீரு? ரிவர்ஸ் எடும்" என்றார் சாலமோன்.

"சூடாயிட்ச்சி. ஆறட்டும்."

"ஆறுறதுக்கு இதுவா இடம்?"

லாரியிலிருந்து டிரைவர் குதித்தார். பெயர் அப்பாவு என்பது பிறகு தெரிந்தது. "இன்னா மாமு, உள்ள குந்திகினு ஜோசியம் பாக்கிறியா? எட்றா பின்னால!"

ஹென்றி சாவியைத் திருப்பினார், கியரை ஆட்டினார், எஞ்சினை அலறவிட்டார். வண்டி லாரியை நோக்கி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. அப்பாவு பின்னால் துள்ளினார். கியர் கம்பி பிடிப்பில்லாமல் ஆடுவதை மகிமா பார்த்துவிட்டாள்.

"அண்ணே... இல்லையா?"

ஹென்றி தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "இல்ல."

"இம்புட்டு நாளும் இதுலயா எங்களக் கூட்டிக்கிட்டுத் திரிஞ்சீரு?" சாலமோன் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாலமோன், மகிமா, அப்பாவு மூவரும் பானெட்டில் கைவைத்துத் தள்ளினார்கள். கழுத்தைப் பின்னால் திருப்பி ஓட்டும் பழக்கம் விட்டுப்போன ஹென்றிக்குக் கண்ணாடியில் கரை பாம்பாக நெளிந்தது. "லெப்ட்ல ஒடி! உன் லெப்ட் இல்லய்யா, என் லெப்ட்!" என்று அப்பாவு கத்துவதற்குள் பின்சக்கரத்தடியில் மண் சரிந்து சாம்பல் தண்ணீரில் விழுந்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஹென்றி ஸ்டியரிங்கை ஒடித்தார். சக்கரம் கெட்டி மண்ணைப் பிடித்தது. பம்ப் அறை அருகே கரை அகன்ற இடத்தில் வண்டி ஒதுங்கியபோது சாலமோனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அப்பாவு திட்டி முடித்துவிட்டு, "ஒரு போட்டோ புடிச்சி குடு சார், என் வண்டியோட. போன்ல வோணாம், பேப்பர்ல. கண்ணாடில ஒட்டணும். இந்தப் பக்கந்தான் வந்துகினு போய்கினு கீறேன்" என்றார். சாலமோன் எடுத்தார். தருவதாக வாக்கும் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசப்பட்டது. "அடுத்த வாரம் நம்ம வண்டியில போயிருவோம்" என்றார் சாலமோன்.

படத்தைக் கேட்டு வாங்கிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டது ஹென்றிதான். சனிக்கிழமை மாலை அதோடு பாத்திரக்கடைக்குப் போனார்.

"அந்தாளுக்கு பியட்டுதான் அடையாளம். உன் வண்டில போனா எவன்னு நெனச்சி நிப்பான்? வாக்கு குட்த்துட்டு ஏமாத்தலாமா மாமு?"

வியாபாரியிடம் வாக்கைப் பற்றிப் பேசினால் அவர் என்ன செய்வார்? "அதுவும் சரிதான். குடுத்துட்டு மாறிக்கிடுவோம்" என்றார் சாலமோன்.

அன்றிலிருந்து அகலமான சாலைகளில் மட்டும் ஞாயிறுகள் தொடர்கின்றன. பிரிண்ட் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் டேஷ்போர்டின் மேல் வெயிலில் கிடக்கும். வழியில் டேங்கரைப் பார்க்கும்போதெல்லாம் ஹென்றி, "இவன் இல்ல" என்று முதல் ஆளாகச் சொல்லிவிடுவார்.

போன ஞாயிறு மணலி சாலை. பின்சீட்டில் சாலமோன் குனிந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகிமா இடப்பக்க ஜன்னலில் புகைபோக்கிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே வந்த டேங்கரிலிருந்து ஒரு கை நீண்டு ஆடியது. கைக்கு மேலே அப்பாவுவின் முகம், பல்லெல்லாம் தெரிய.

ஹென்றி டேஷ்போர்டிலிருந்து உறையை எடுத்தார், தொடைக்கடியில் செருகி அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டார், ஆக்சிலரேட்டரை அழுத்தினார்.