வெயிலில் நின்ற மருந்து

ஆர்டிஸ் ஹால்வர்சனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் எங்கள் மணல்மேட்டுப் பக்கத்தில் முப்பது மைலுக்குள் இதை மறுக்கிற ஆள் கிடையாது. வயது அறுபத்தொன்று, ஒடிசலான உடம்பு. இருநூறு தாய்ப்பசுக்களை அவளும் கணவன் லோவெலும்தான் வைத்துப் பார்க்கிறார்கள். மாடு அவள் பொறுப்பு, அடுப்பு அவன் பொறுப்பு.

விடிந்ததும் மந்தைக்குள் நடப்பாள். குதிரை வேண்டாம், நாய் வேண்டாம், ஒரு குச்சிகூட வேண்டாம். எந்தக் கன்று பால் குடிக்காமல் ஒதுங்கி நிற்கிறது, எதன் காது தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போவாள். கன்று போடும் பருவத்தில் வாரம் ஒருமுறை, இன்னும் ஈனாத பசுக்களை மட்டும் அடுத்த மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவாள். ஈன்றவை பழைய இடத்திலேயே இருக்கும். புதுக் கன்று சுத்தமான புல்லில் விழவேண்டும், மூத்த கன்றுகளின் கழிச்சல் அதற்குத் தொற்றக்கூடாது என்பாள். “மாட்டுக்கு வாடகை வீடு பாத்துக் குடுக்கிறியாக்கும்!” என்று கேலி செய்தோம். மூன்று வருஷம் அவளுடைய கன்று ஒன்றுகூடக் கழிச்சலில் சாகவில்லை. அப்புறம் நாங்களும் வாயை மூடிக்கொண்டு அதையே செய்ய ஆரம்பித்தோம்.

நான் டுவேன். அவளுடைய வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம் என் நிலம்.

மே மாதம் வந்தால் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போட்டு, தடுப்பூசி போடுகிற நாட்கள். பண்ணை பண்ணையாக எல்லோரும் போவோம். கூலி கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு, நம் முறை வரும்போது அவர்கள் வருவார்கள், அவ்வளவுதான். போன வருஷம் என் முறை வந்த அன்று, மருந்து ஏற்றிய ஊசியை வண்டி முகப்பில் வைத்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஆர்டிஸ் பார்த்துவிட்டாள்.

“டுவேன், அது உயிரோட இருக்கிற மருந்துய்யா. வெயில் பட்டா செத்துப்போயிடும். அதைக் குத்துறதுக்கு உன் காப்பியவே குத்தலாம், கன்னுக்குட்டிக்குத் தூக்கமாவது கலையும்!”

இருபது பேர் சிரித்தார்கள். எழுபது வயது மெர்ல் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் பல்லைக் காட்டி வைத்தேன். உள்ளே பற்றி எரிந்தது. அவள் சொன்னது சரி என்பதுதான் கூடுதலாக எரித்தது.

இந்த வருஷம் அவள் முறை வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நுரையீரல் காய்ச்சலில் அவளுக்குப் பதினோரு கன்றுகள் போயின. அதிலிருந்து மருந்துப் பெட்டியை வேறு யாரும் தொடக்கூடாது. பொடியையும் நீரையும் கலப்பதும் அவள்தான், ஊசி போடுவதும் அவள்தான். கலந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். அன்று காலை ஐஸ்பெட்டியை வண்டி நிழலில் வைத்திருந்தாள். பத்து மணிவாக்கில் ஒரு பசு வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓட, ஆர்டிஸ் போட்டது போட்டபடி அதன் பின்னால் போய்விட்டாள்.

அந்த வழியாக நான் போனேன். நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. மூடி திறந்தே கிடந்தது. ஐஸ் எல்லாம் தண்ணீர். கலந்து வைத்த நாலு புட்டியும் வெயிலில். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘பெரிய மேதாவி இல்லையா, தானே கண்டுபிடிக்கட்டும்’ என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். கையில் தடித்த உறை, சூடு தெரியவில்லை; அவசரத்தில் பெட்டிக்குள் பார்க்கவும் இல்லை. ஊசியில் ஏற்றிப் போட ஆரம்பித்தாள். அடுத்த புட்டியிலாவது தெரிந்துகொள்வாள் என்று காத்திருந்தேன். இருபது கன்று ஆயிற்று, ஐம்பது ஆயிற்று. இப்போது வாயைத் திறந்தால் இவ்வளவு நேரம் ஏன் திறக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். திறக்கவில்லை. சீ, என்ன மனுஷன் நான்!

மதியம் லோவெல் வறுத்த மாட்டிறைச்சியும் அவரையும், ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ என்கிற இனிப்பும் பரப்பி வைத்திருந்தான். ஆர்டிஸ் உட்காரவில்லை. உறையைக் கழற்றிவிட்டு, பெட்டியை ஒதுங்க வைக்கப் போனவள், வெறுங்கையில் ஒரு புட்டியோடு வந்து மேசைக் கோடியில் நின்றாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது.

“சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. மருந்தை வெயில்ல விட்டுட்டேன். எத்தனை கன்னுக்குச் செத்த மருந்து போச்சுன்னு தெரியல. எல்லாத்தையும் மறுபடி பிடிச்சு ஊசி போடணும். வர்ற செவ்வாய்க்கிழமை முடிஞ்சவங்க வாங்க. தப்பு என்னோடது.”

மெர்ல்தான் முதலில் கேட்டான்: “லோவெல், செவ்வாய்க்கிழமையும் பை உண்டா?”

“ரெண்டு வகை செய்றேன்.”

“அப்ப நான் வந்தாச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். “டுவேன், போன வருஷம் அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோப்பா.”

தலையை மட்டும் ஆட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். அவள் பெட்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன். புட்டியைத் தொட்டது, நினைத்தது, வாயை மூடிக்கொண்டு பார்த்தது, ஒன்று விடாமல். ஐஸ் அள்ளிய கை நின்றது. கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அப்படிக் கட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. “என் மேல கோவம்னா என்னைத் திட்டியிருக்கலாமே டுவேன். கன்னுக்குட்டி உன்னை என்ன பண்ணுச்சு?”

மேட்டின் மேல் மெர்லின் வண்டி வருவது தெரிந்தது. நான் போய் வேலிக் கதவைத் திறந்துவிட்டேன்.