மூச்சால் சொன்ன பொய்

களியை மென்று தின்ற மனிதன் என்று நான் பார்த்தது ராமப்பன் ஒருவனைத்தான். எங்கள் பக்கத்தில் கேழ்வரகுக் களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். பல்லுக்கு அங்கே வேலையே கிடையாது. ராமப்பனோ ஒவ்வொரு உருண்டையையும் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, நிதானமாக மெல்லுவான். சாப்பிடும்போது புத்தி சாப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்பான். அவன் மனைவி முனிலட்சுமி தலையில் அடித்துக்கொள்வாள். சுரங்கக் குழி வேலைக்குப் போனவர் புத்தியைக் குழியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வாள்.

நான் ஜெபராஜ். சூளகிரிக்குக் கிழக்கே எங்கள் சேரியில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார். ராமப்பனும் நானும் ஒரே தெரு, ஒரே வயசு. என் தாத்தா ஏசுவிடம் போனார், அவன் புத்தரிடம் போனான். ஊர்க்காரர்கள் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் சேரிக்காரர்கள்தான். டீக்கடையில் இரண்டு பேருக்கும் தனிக் குவளைதான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அவனுக்கு வராது. கோபம் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே போய்விடும் என்பான். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கோபம் வரும்.

இருபது வயசில் அவன் எல்லை தாண்டி மைசூர் பக்கம் போனான். அங்கே ஒரு தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கிற வேலை. எங்கள் ஆட்கள் பெரிய வீட்டுப் பண்ணையில் ஏரைப் பிடிக்காமல் தப்பித்துக்கொள்ள அது ஒன்றுதான் வழி. அங்கே தொழிலாளர் குடியிருப்பில் புத்த சங்கம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தகரக் கொட்டகையில் பாய் விரித்து உட்காருவார்களாம். கொலை, களவு, தகாத உறவு, பொய், குடி இந்த ஐந்தும் வேண்டாம் என்கிற ஐந்து சீலத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வார்களாம். பிறகு கண்ணை மூடி, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் வெறுமனே பார்ப்பார்களாம். அதை இழுக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. ராமப்பனுக்கு இது பிடித்துப் போயிற்று. மேல்சாதிக்காரன், மேஸ்திரி, துரை எவனும் கை வைக்க முடியாத ஒரு பொருள் தன்னிடம் இருக்கிறது என்று முதல்முதலாக அங்கேதான் தெரிந்தது என்று ஒருமுறை சொன்னான்.

அவன் மைத்துனன், முனிலட்சுமியின் தம்பி ஆஞ்சப்பனையும் இரண்டு வருஷம் கழித்துக் கூட்டிக்கொண்டு போனான். இருவருக்கும் ஒரே மிஷினில் வேலை. குழிக்குள் துளை போடும்போது எழும் பாறைத்தூளை இருவரும் சேர்ந்துதான் சுவாசித்தார்கள். அந்தத் தூள் நெஞ்சில் படிந்தால் திரும்பி வராது. பத்து, பதினைந்து வருஷத்தில் மூச்சு வாங்கும், பிறகு இருமல், பிறகு ஒன்றும் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

வருஷத்துக்கு ஒரு நாள் டாக்டர் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்புவார். படத்தில் தெரிந்துவிட்டால் குழி வேலை போய்விடும். அதனால் குழாய் வைக்கிற நாள் வந்தாலே குடியிருப்பு முழுக்கப் பயம் பிடித்துக்கொள்ளும். பத்து நாளைக்குப் பீடியை விடுவார்கள், வெல்லம் தின்பார்கள், வெந்நீர் குடிப்பார்கள். அன்றைக்குக் காலையில் ஒருவரும் வேகமாக நடக்க மாட்டார்கள். நோயை மறைக்கத்தான் இத்தனை பாடும்.

ராமப்பன் கண்டுபிடித்தது இந்த இடத்தில்தான். ஒரு வருஷம் தன் முறை வருவதற்கு முன்னால், பயத்தை அடக்க, சங்கத்தில் உட்காருகிற மாதிரி தரையில் உட்கார்ந்து மூச்சைப் பார்த்தானாம். அரைமணி நேரத்தில் நெஞ்சின் இரைச்சல் அடங்கிவிட்டது. தொண்டையில் முட்டிக்கொண்டு நின்ற இருமலும் உட்கார்ந்துவிட்டது. டாக்டர் குழாயை வைத்தார், தலையை ஆட்டினார், போகச் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே ஆஞ்சப்பனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தான். பெரிய வரம் கிடைத்த சந்தோஷம் இருவருக்கும்.

மூன்று வருஷம் ராமப்பன் தேறினான். நாலாவது வருஷம் குழாய் நெஞ்சைத் தொட்டதுமே இருமல் வெடித்தது. படம் எடுத்தார்கள், வேலை போயிற்று. ஐம்பத்துநாலில் ஒரு தகரப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தான். வந்த புதிதில் சும்மாதான் இருந்தான். நடந்தால் நடையிலே கவனம், குடத்தில் தண்ணீர் சேந்தினால் கயிற்றிலே கவனம். சிறுசுகள் புத்தசாமி என்று கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த வருஷம் கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்று இடத்தில் உட்கார வேண்டி வந்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இதே தூள், இதே அளவு, ஆஞ்சப்பன் நெஞ்சிலும் இருக்கிறது. அவன் இன்னும் குழியில் இருக்கிறான். ஒவ்வொரு வருஷமும் தேறிக்கொண்டே இருக்கிறான்.

ஐம்பத்தாறில் என்னிடம் வந்து கடிதம் எழுதச் சொன்னான். புத்தர் மறைந்து இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் என்று சர்க்கார் கொண்டாடிய வருஷம் அது. போதி மரம் போட்ட தபால் தலையே வந்திருந்தது, அதைத்தான் ஒட்டினேன். இந்த முறை குழாய் வைக்கும்போது உட்காராதே, நன்றாக இருமு, படம் எடுக்கட்டும், இப்போதே வெளியே வந்தால் இன்னும் கொஞ்ச வருஷம் இருப்பாய் என்று எழுதச் சொன்னான். ஆஞ்சப்பன் பதில் போட்டான். மாமா கவலைப்பட வேண்டாம், நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி தினமும் மூச்சைப் பார்க்கிறேன், மனசு நன்றாக இருக்கிறது என்று இருந்தது. அதை நான் படித்துக் காட்டியபோது ராமப்பன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு கடிதம் எழுதினோம். பதில் இல்லை. ஆவணியில் குழாய் வைக்கிற நாள் என்று தெரிந்ததும், நேரில் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். தனியாக விட முடியாமல் நானும் கூடப் போனேன். சூளகிரியில் பஸ் ஏறி, பேரிகையில் இறங்கி, எல்லை தாண்டி இன்னொரு பஸ் பிடித்து, மறுநாள் காலை அங்கே போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு வேப்பமரம். அதன் அடியில் இருபது பேருக்கு மேல் வரிசையாகச் சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. சர்ச்சில்கூட அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை, எனக்கு மனசு உருகிவிட்டது. என்ன அழகு என்று ராமப்பனிடம் சொல்லத் திரும்பினேன். அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தான். ஆஞ்சப்பன் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

வரிசையின் கடைசியில் ஆஞ்சப்பன் இருந்தான். கன்னம் ஒட்டி, காலர் எலும்பு தூக்கிக்கொண்டு, ஆனால் முகத்தில் நல்ல தெளிவு. ராமப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு காதாகக் கெஞ்சினான். ஆஞ்சப்பன் கண்ணைத் திறந்து பொறுமையாகக் கேட்டான்.

"நீதான சொல்லிக் குடுத்த மாமா. இப்ப நீயே வாணாங்கற. ஊருக்கு வந்து என்னா பண்ணட்டும், பெரிய வூட்டுக்கு ஏரு ஓட்டட்டுமா? இந்த நெஞ்ச வெச்சிக்கினு ஏரும் ஓட்ட முடியாது. என் புள்ளைங்க இங்க பள்ளிக்கூடம் போவுதுங்க. என்னை வுட்டுடு."

ஆஞ்சப்பன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். ராமப்பனும் அவன் பக்கத்திலேயே சம்மணம் போட்டுக் கண்ணை மூடினான். சரி, மனசு தோற்றுப்போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்தேன். உள்ளே பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் ஆள் போனான், தேறி வந்தான். இரண்டாவது ஆள் எழுந்தபோது ராமப்பன் இருமினான்.

அது தானாக வந்த இருமல்தானே என்று பிற்பாடு பலபேர் என்னிடம் கேட்டார்கள். ஆமாம் என்றுதான் சொன்னேன், அது பொய். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷமாக மூச்சோடு பழகியவன் அவன், இருமலை அடக்கத் தெரிந்த மாதிரியே அவிழ்த்துவிடவும் தெரிந்திருந்தது. ஒருமுறை அவிழ்ந்ததை அவனாலும் நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் ஆஞ்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான், முடியவில்லை, இருமினான். அடுத்தவன் இருமினான். பிறகு வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அந்த மரத்தடியில் வெளியே வந்தது. டாக்டர் குழாயைக் கழுத்தில் போட்டபடி வாசலுக்கு வந்து நின்று கேட்டார். எல்லோரையும் படம் எடுக்க அனுப்பினார்.

பதினோரு பேருக்கு வேலை போயிற்று, ஆஞ்சப்பனும் அதில் ஒருவன். அன்றைக்கு அந்தக் குடியிருப்புப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். கெம்பம்மா என்று ஒருத்தி, ஆஞ்சப்பனின் மனைவி, ராமப்பன் முன்னால் வந்து நின்று அவன் காலில் துப்பிவிட்டுப் போனாள். அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

திரும்பி வரும்போது எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மைசூர் பக்கம் சாராயக்கடை உண்டு, நம் பக்கம் மதுவிலக்கு. குடித்துவிட்டு வருகிறவர்களைப் பிடிக்க ஒவ்வொருவரையும் வாயை ஊதச் சொல்வார்கள். ராமப்பனை ஊதச் சொன்னார்கள். அவனால் ஊத முடியவில்லை. குடியை மறைக்கிறான் என்று நினைத்து போலீஸ்காரர் இரண்டாவது முறை அதட்டினார். ராமப்பன் முக்கி முக்கி ஊதப் பார்த்தான், கண்ணில் தண்ணீர்தான் வந்தது. வியாதிக்காரன் ஐயா, வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று நான் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு விட்டார்கள்.

பஸ் நகர்ந்ததும் அவன் பேசினான்.

"பொய் பேசாதேங்கறது நாலாவது சீலம் வாத்தியாரே. நாங்க வாயால பேசல, மூச்சால பேசினோம். மூச்சப் பாருன்னு சொன்னாரு புத்தரு. பாத்தோம். அது சாவப்போறேன்னு சொல்லிச்சி, அத மட்டும் காதுல வாங்கல. பூட்டைத் தொறக்கக் குடுத்த சாவிய நான் களவுக்கு எடுத்துக்கினு போயிட்டேன்."

அவனைத் தேற்ற நான் ஏதேதோ சொன்னேன். வேலையில்லாதவனுக்குச் சோறு போடாத உலகத்தைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ராமப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் மூச்சைப் பார்க்க உட்காரவில்லை. களியையும் எல்லோரையும் போல விழுங்க ஆரம்பித்தான். அதைப் பார்த்து முனிலட்சுமி அழுதாள். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் வந்த ஆஞ்சப்பன் எதிர்வரிசையில் ஒரு குடிசை போட்டான். கெம்பம்மா பெரிய வீட்டுக்குக் களை பறிக்கப் போனாள். பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போனார்கள், நான் எவ்வளவு கூப்பிட்டும் பள்ளிக்கு வரவில்லை. ஆஞ்சப்பன் மாமனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முனிலட்சுமி புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவே தெருவைக் குறுக்கே கடந்தபடி இருந்தாள். இவன் இருமினால் அங்கே கேட்கும், அவன் இருமினால் இங்கே கேட்கும். ராமப்பன் வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். வெளியே வந்தால் இன்னும் கொஞ்ச வருஷம் இருப்பாய் என்று எழுதச் சொன்னானே, அந்தக் கொஞ்ச வருஷம் ஒன்றரை வருஷம்கூட நீளவில்லை.

ஐம்பத்தெட்டு தை மாசம், ஒரு மத்தியானம். முனிலட்சுமி பள்ளிக்கூடத்துக்கே ஓடி வந்தாள். தம்பி மூச்சுக்குத் தவிக்கிறான், மாமாவைக் கூப்பிடு என்கிறான், இவருக்கோ நடக்க முடியவில்லை என்றாள். நான் ராமப்பனைத் தோளில் தாங்கி, அந்தப் பத்தடித் தெருவை நாலு முறை நின்று கடந்தேன்.

ஆஞ்சப்பன் சுவரில் சாய்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது, கண் பிதுங்கியிருந்தது. கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் உடம்பு முழுக்க எழும்பி விழுந்தது. கெம்பம்மா ஒதுங்கி வழி விட்டாள். பேச்சு விட்டுப்போன ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவன் பேசினான்.

"பயமா இருக்குது மாமா. மூச்சப் பாத்தும் தவிப்பு நிக்க மாட்டேங்குது. அப்ப சொல்லுவியே, அதச் சொல்லு."

ராமப்பன் அவன் எதிரே உட்கார்ந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பாக்காதடா. மூச்சப் பாக்காத. அது போவட்டும். என்னைப் பாரு."

ஆஞ்சப்பன் பார்த்தான். தவிப்பு குறையவில்லை, குறைந்தது என்று நான் சொன்னால் பொய். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. வெயில் வாசல்படியை விட்டு இறங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள், இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது. பிறகு ஒருவனுக்கு மட்டும் இரைத்தது. ராமப்பன் கையை எடுக்கவில்லை. என்னைப் பாரு, என்னைப் பாரு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முனிலட்சுமி வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் தம்பியின் கண்ணை மூட வேண்டியிருந்தது.