வாளிக்கு முன்னால் ஒரு வரிசை

திருநாள் அன்று ஸ்கொட்லாந்திலிருந்து சுவாமியார் போனில் அழைத்தார். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பிள்ளை, வாளிக்கு முன்னாலை லைன் நிக்குது. ஆயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

பாரிஸில், லா சப்பலில் ஓர் அச்சகத்தில் இருபது வருடம் பக்கம் அமைத்தவள் நான். கோயில் மலர் என்றால் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு டெம்ப்ளேட் தயாராக இருக்கும்: ஆயர் ஆசி, பங்குத்தந்தை வாழ்த்து, கோயில் வரலாறு, நாலாம் பக்கத்தில் 'புதுமைகள்', அதாவது அந்தக் கோயிலில் நடந்த அற்புதங்கள். எந்த ஊர்க் கோயிலானாலும் பெயரை மாற்றினால் போதும்.

இந்தச் சுவாமியார் யாழ்ப்பாணத்தவர். ஸ்கொட்லாந்தில் ஒரு பிரபுவின் எஸ்டேட் கிராமத்தில் பங்குத்தந்தை. ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் ஒரே வாங்கில் உட்கார்ந்து அடங்கிவிடுவார்கள். கோயிலை மூடுவதா என்று பார்க்க ஆயர் திருநாளுக்கு வரவிருந்தார். அன்றைக்குப் பாரிஸ், செவ்ரான் பக்கத்துத் தமிழர்களை அழைக்க ஒரு மலர் வேண்டுமென்று சுவாமியார் வரலாற்றை எழுதி அனுப்பியிருந்தார். பிரபு கோயில் கட்டினார், கூரை ஒழுகியது. மகன் திருத்தினார், ஒழுகியது. பேரன் திருத்தினார், பீடத்துக்குப் பக்கத்தில் இப்போதும் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறோம். வரலாறு அவ்வளவுதான்.

முதலாளி நாலாம் பக்கத்தைத் தட்டினார். "தங்கச்சி, புதுமை ஒண்டும் இல்லையே. புதுமை இல்லாத கோயிலுக்குச் செவ்ரானிலையிருந்து ஆர் பஸ் பிடிச்சுப் போவினம்?"

வெறும் பக்கம் விட எனக்கும் மனம் வரவில்லை. பீடத்தருகே சொட்டும் நீரைப் பூசிப் பிரபுவின் முழங்கால் நோ மாறியது என்று நாலு வரி எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அச்சடிக்கலாம் என்று வாடிக்கையாளர் ஒப்பமிடும் 'பொன் அ தீரே' தாளில் முதலாளியே ஒப்பமிட்டார். "ஏன் சுவாமியைக் கரைச்சல்படுத்துவான்?"

பஸ் நிரம்பி, கப்பலும் ஏறிப் போனது. எல்லார் கையிலும் வெறும் போத்தல். அன்று அங்கே நல்ல மழை வேறு.

"சுவாமி, அது என்ரை பொய். உண்மையைச் சொல்லிப்போடுங்கோ," என்றேன் போனில்.

பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்: புதுமை இல்லை, கூரை ஒழுக்கு. ஒருவரும் போத்தலைக் கவிழ்க்கவில்லையாம். செவ்ரான் அம்மா ஒருவர் எழும்பி, "ஒழுக்குத்தான் சுவாமி. மழை எங்கையிருந்து வருது?" என்று கேட்டாராம். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆயர் சிரித்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்றாராம்.

அதன்பிறகு வாடிக்கையாளரின் ஒப்பம் இல்லாமல் ஒரு கமாவைக்கூட நான் அச்சுக்கு விட்டதில்லை. அடுத்த வருடம் நாலாம் பக்கத்தைச் சுவாமியாரே எழுதி, ஒப்பமும் வைத்து அனுப்பினார்: "இங்கே புதுமை எதுவும் இல்லை. கூரை ஒழுகுகிறது. போத்தல் கொண்டுவரவும்."

இரண்டு பஸ் போனது.