நின்றுபோன நகல்

2004 ஐப்பசி. சரக்கெடுக்க நான் போகும் திருவொற்றியூர் கன்டெய்னர் கிடங்கில் கணினிகளைக் கவனித்தவர், ஒல்லியான மனிதர். தினமும் காலையில், கன்டெய்னர்களின் வரவு போக்கைப் பதியும் முதல் கணினியில் ஒரு வரி எழுதி, அதன் பதிவுகளை அப்படியே பிரதியெடுத்து வைக்கும் நகல் கணினிக்கு அந்த வரி வந்ததைப் பார்த்த பிறகே டீ குடிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முதல் கணினி படுத்துவிட்டது. டோல்கேட் வரை லாரிகள் நின்றன. அதற்குப் பதிலாக நகலைத் திறக்கச் சொன்னார் மேலாளர்.

"மாட்டேன் சார். காலைல எழுதுன வரியே அதுல வர்ல. நேத்து மதியத்தோட நின்னுகீது. தொறந்தா, வெளிய போன பொட்டியெல்லாம் உள்ள கீதுன்னு சொல்லும்."

"வேலை போயிடும்யா!"

"போவட்டும். பொய் சொல்ற மிஷின நான் தொறக்க மாட்டேன்."

"அப்ப எழுதிக் குடு."

'நான்தான் மறுத்தேன்' என்று எழுதி, நேரத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு, முதல் கணினியைப் பிரித்தார். மாலை நான்கு மணிக்கு அது எழுந்தது. ஒரு பதிவும் தொலையவில்லை.

மறுவாரம் அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அந்த ஒல்லி மனிதர் காத்த பதிவுகளைப் பார்த்துத்தான் அன்றும் லாரிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள்.